க்ளைமாக்ஸை அம்மாகிட்ட சொல்லிப் பாருங்க!

ஒரு சின்ன டெஸ்ட் வைக்கலாமா பாஸ்? பேப்பர், பேனா எதுவும் வேண்டாம். பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தில் ஏழாவது உரைநடைப் பாடம் என்ன? 2019-ல் வந்த புதுப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. சி.பி.எஸ்.இ. மக்கள் அஞ்சு நிமிஷம் வேடிக்கை பாருங்க, உங்களுக்கும் வேலை வருது.

'தி டையிங் டிடெக்டிவ்'! ஷெர்லாக் ஹோம்ஸ் சாகக் கிடப்பாரே... வாட்சன் பதறியடிச்சு ஓடுவாரே... ஆங், அதேதான். ஆர்தர் கானன் டாயில் எழுதி 1913-ல் வெளிவந்த கதை. இப்போ டெஸ்ட். அந்தக் கதையின் முடிவை மட்டும் நாலு வரியில் சொல்லுங்க பார்ப்போம்.

'ஹோம்ஸ் சாகுற மாதிரி நடிச்சார். வில்லன் வந்து உண்மையை உளறிட்டான். போலீஸ் பிடிச்சுடுச்சு. சுபம்.' இப்படித்தானே? நானும் இப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். போன வருஷம் முடிச்சூரில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் என்னிடம் மாட்டுகிற வரைக்கும். சரியாச் சொல்லணும்னா, நான் அவனிடம் மாட்டுகிற வரைக்கும்.

ஒப்பிப்பதில் சென்டம்!

எங்கள் காலேஜ் என்.எஸ்.எஸ். பிள்ளைகள் சிலர் சேர்ந்து, மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூரில் சாயங்கால வகுப்பு எடுக்கிறோம். இலவசம்தான். ஒரு சின்ன ஹால், ஒரு கரும்பலகை, ஒரே ஒரு ஃபேன். சுவரில் இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒரு பழுப்புக் கோடு. 2015 வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே வந்து நின்ற அடையாளம். மேலே ரெண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லையாம். (இந்தக் கோடு பின்னாடி கதையில் வரும். துப்பறியும் கதை பற்றி எழுதிட்டு ஒரு க்ளூகூட வைக்கலைன்னா எப்படி!)

நம்ம ஹீரோ கடைசி வரிசை. அரையாண்டில் இங்கிலீஷில் 29. பொதுத்தேர்வில் 35 தாண்டலைன்னா மாமாவோட மெக்கானிக் ஷெட்டுக்கு அனுப்பிடுவோம்னு வீட்டில் ஓபனாகவே சொல்லிவிட்டார்கள். பையனுக்குப் பாலிடெக்னிக் ஆசை. அதனால் பயங்கர சின்சியர். நோட்ஸில் இருக்கும் பாரா அத்தனையும் மனப்பாடம். 'டையிங் டிடெக்டிவ்' முடிவைச் சொல்லுடா என்றதும் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டி, கண்ணை மூடி, முழு பாராவையும் ஒரு கமா பிசகாமல் இங்கிலீஷில் ஒப்பித்தான். நான் கை தட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். சும்மா இருக்காமல் தமிழில் ஒரு கேள்வி கேட்டேன்.

"சரிடா தம்பி, ஹோம்ஸுக்கு என்ன ஆச்சு?"

"காய்ச்சல்க்கா. சுமத்ராவுலேருந்து வந்த காய்ச்சல். தொட்டா ஒட்டிக்கும்."

"அப்புறம்?"

"போலீஸ் வந்ததும் குணமாயிடுச்சுக்கா."

நான் சிரித்துவிட்டேன். ஆனால், ஹாலில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. பாதிப் பேர் அவன் சொன்னது சரி என்றுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. பேப்பரில் அவன் எழுதப்போகும் பாரா சரியானது. அஞ்சு மார்க் கேள்விக்கு அஞ்சும் விழலாம். திருத்துகிறவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆனால் எழுதியவன் தலைக்குள் ஓடும் கதையில் ஹோம்ஸ் நிஜமாகவே படுத்துக் கிடந்து, நிஜமாகவே எழுந்து உட்காருகிறார். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் அவ்வளவுதான், 29-தான்.

பின்னாலிருந்து நடக்கிற கதை

இது அவன் தப்பு இல்லை என்று எனக்குப் புரியவே ரெண்டு நாள் ஆனது. தப்பு... தப்புன்னு சொல்லக் கூடாது, வில்லங்கம் துப்பறியும் கதையிலேயே இருக்கிறது.

சாதாரணக் கதை ஒரு ஊரில் ஒரு ராஜா என்று ஆரம்பித்து நேராகப் போகும். துப்பறியும் கதைக்குள் ரெண்டு கதை. ஒன்று, நிஜமாக என்ன நடந்தது. இன்னொன்று, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள். நமக்குப் பக்கம் பக்கமாகக் காட்டுவது ரெண்டாவதை மட்டும்தான். முதல் கதை கடைசி அத்தியாயம் வரை ஒளிந்துகொண்டிருக்கும். வீட்டு அலமாரியில் அப்பாவோட பழைய ராஜேஷ்குமார் பாக்கெட் நாவல் இருந்தால் எடுத்துப் பாருங்க. எல்லாம் முடிந்தபிறகு விவேக் உட்கார்ந்து நடந்ததை முதலிலிருந்து சொல்லுவார். சுஜாதாவின் கணேஷ் - வசந்த் கதைகளிலும் இப்படிப் பார்க்கலாம். 1894-லேயே பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனை வைத்துத் தமிழில் துப்பறியும் கதை எழுதிவிட்டார். நூறு வருஷத்துக்கும் மேல் நாம பழகிய பழக்கம் இது. விளக்கம் கடைசியில்தான் வரும்.

அப்போ, படித்த வரிசையிலேயே சுருக்கினால் என்ன ஆகும்? முதலில் நோய், அப்புறம் வில்லன், அப்புறம் போலீஸ், அப்புறம் ஹோம்ஸ் நல்லாயிருக்கார். 'நோய் வந்தது, போச்சு' என்று பத்தாம் வகுப்புப் பையன் நினைத்ததில் என்ன ஆச்சரியம்! நோட்ஸ் பாராவும் அதே வரிசைதான்.

காலண்டர் தாளும் வெள்ளக் கோடும்

மறுநாள் ஒரு கட்டு பழைய தினசரி காலண்டர் தாள்களோடு போனேன். (கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைக்கும் பாட்டி வாய்க்க வேண்டும். எனக்கு வாய்த்திருக்கிறார்.) ஒரு தாளின் பின்பக்கத்தில் ஒரு சம்பவம். தமிழில் எழுதினால் போதும். ஹட்சன் அம்மா வாட்சனிடம் ஓடுகிறார். ஹோம்ஸ் கிட்டே வராதே என்று கத்துகிறார். வாட்சன் தந்தப் பெட்டியை எடுக்கப் போக, ஹோம்ஸ் அலறுகிறார். வாட்சன் போய் கல்வர்ட்டன் ஸ்மித்தைக் கூப்பிடுகிறார். பிறகு ஸ்மித்துக்கு முன்னால் ஓடிவந்து கட்டில் பின்னால் ஒளிகிறார். இப்படி ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள்.

"இப்போ எது முதல்ல நடந்ததோ அதை முதல்ல வைங்க. புக்ல முதல்ல வர்றது இல்லை. நிஜமா முதல்ல நடந்தது."

தரையில் பரப்பினோம். ஃபேன் காற்றில் மொத்தக் கதையும் பறந்துபோய் மூலையில் குவிந்தது. ஃபேனை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் ஒரு வாண்டுதான் ஐடியா கொடுத்தது. சுவரில் அந்த வெள்ளக் கோடு இருக்கே, அது மேல வரிசையா ஒட்டலாம்க்கா!

சோற்றுப் பருக்கையும் செல்லோ டேப்புமாக ஒட்ட ஆரம்பித்ததும் சண்டை கிளம்பியது. எல்லோரும் ஹட்சன் அம்மாவை முதலில் ஒட்டினார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, "அதுக்கு முன்னாடியே தபால்ல பெட்டி வந்துடுச்சுல்ல?" என்று அதை நகர்த்தினாள். அந்தப் பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங். கையில் குத்தினால் நோய் ஏறும். ஹோம்ஸைக் கொல்ல ஸ்மித் அனுப்பியது. "அதுக்கும் முன்னாடி விக்டர் சாவேஜ் செத்தானே!" என்று இன்னொருத்தன். சாவேஜ் யார்? ஸ்மித்துக்கு 'நெஃப்யூ'. சொத்துக்குக் குறுக்கே நின்றதால் ஸ்மித்தால் கொல்லப்பட்டவன்.

இந்த இடத்தில் வகுப்பு இருபது நிமிஷம் நின்றது. 'நெஃப்யூ'வைத் தமிழில் எப்படி எழுதுவது? அண்ணன் மகனா, அக்கா மகனா? இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டும் ஒண்ணு. நமக்கு ஒருத்தன் மகன் முறை, ஒருத்தன் மருமகன் முறை. நான் 'ஏதோ ஒண்ணு எழுதுங்கப்பா' என்று நழுவப் பார்த்தேன். அதே முன்வரிசைப் பெண்: "அக்கா, அவரு ஸ்மித். இவன் சாவேஜ். அங்க எல்லாம் அப்பா குடும்பத்துப் பேருதானே பின்னாடி வரும்? அண்ணன் மகனா இருந்தா இவனும் ஸ்மித்தா இருக்கணும். அப்போ அக்கா, தங்கச்சி மகன்!" மனைவி வழியாகவும் இருக்கலாமே என்று நான் இழுத்தேன். எடுபடவில்லை. தாளில் 'மருமகன்' என்று ஏறியது. துப்பறியும் கதை படிக்கிற வகுப்பில் நிஜமாகவே ஒருத்தி துப்பறிந்துவிட்டாள். எனக்கு அன்றைக்கு இதுவே போதும் என்றிருந்தது.

ஆனால் மெயின் மேட்டர் இனிமேல்தான். ஒரு தாள் மட்டும் யார் கையிலும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. 'ஹோம்ஸ் மூணு நாள் சோறு தண்ணி இல்லாமல் இருந்தார், முகத்தில் மேக்கப் போட்டார்.' இது புத்தகத்தில் கடைசியில் வருகிறது. நெற்றியில் வாஸலின், கண்ணில் பெல்லடோனா, கன்னத்தில் ரூஜ், உதட்டைச் சுற்றித் தேன்மெழுகு. எல்லாம் அவரே கடைசியில் வாட்சனிடம் ஒப்புக்கொள்வது. கோட்டில் இதை எங்கே ஒட்டுவது?

நம்ம 29 மார்க் ஹீரோ அந்தத் தாளை வாங்கினான். கடைசியில் வைத்துப் பார்த்தான். எடுத்தான். நடுவில் வைத்தான். எடுத்தான். மெதுவாக இடது பக்கமாக நடந்து, ஹட்சன் அம்மாவுக்கும் முன்னால் கொண்டுபோய் ஒட்டினான். ஒட்டிவிட்டுத் திரும்பினான் பாருங்க...

"அக்கா! அப்போ முதல் பக்கத்துலயே அவரு நல்லாத்தான் இருந்தாரா?!"

மனப்பாடமாக அத்தனை தடவை ஒப்பித்த கதையின் சஸ்பென்ஸ் அவனுக்கு அன்றைக்குத்தான் உடைந்தது. மூஞ்சியில் கோபம் வேற. ஏமாத்திட்டாருங்கிற கோபம். வாட்சனுக்கு வந்திருக்க வேண்டிய கோபம்.

'ஏன்'னு கேட்க ஒரு ஆள்

வரிசை கிடைத்துவிட்டது, இனி சுருக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். பதினாறு தாளையும் பதினாறு வரியாக எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்கள். எதை வெட்டுவது என்று கேட்டால், 'நீங்களே சொல்லுங்கக்கா'. நான் சொன்னால் அது இன்னொரு நோட்ஸ்.

அப்போது தோன்றியதுதான் தலைப்பில் இருக்கும் வேலை. வீட்டுக்குப் போய், கதை தெரியாத ஒருத்தரிடம் முடிவைத் தமிழில் சொல்லுங்க. அவங்க குறுக்கே என்ன கேள்வி கேட்கிறாங்களோ அதை மட்டும் எழுதிட்டு வாங்க. பதில் எழுத வேண்டாம்.

மறுநாள் வந்த கேள்விகள் இருக்கே... ஒரு பாட்டி: "மூணு நாளு பச்சத் தண்ணி பல்லுல படாம எப்பிடிப்பா நாக்கு புரளும்?" ஒரு அண்ணன்: "பெட்டியை ஏன் போலீஸ்கிட்ட நேரா குடுக்கலை?" ஒரு அப்பா: "இதெல்லாம் பரீட்சைல வருமா?" (இதுக்குப் பதில் என்னிடமும் இல்லை.)

நம்ம ஹீரோவின் அம்மாவுக்கு தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் வேலை. வந்து சமைக்கவே எட்டு மணி ஆகிவிடும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறார். பாதிக் கதையில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: "கூடவே இருக்கற சிநேகிதன், அதுவும் டாக்டரு. அவன்கிட்டகூடவா சொல்லல? இவன்லாம் என்னடா ஃப்ரெண்டு?"

பையனுக்குப் பதில் தெரியவில்லை. நோட்ஸைப் புரட்டியிருக்கிறான். அதில் இல்லை. அப்புறம்தான், அவன் வாக்குமூலப்படி, அந்த வருஷத்தில் முதல் தடவையாக இங்கிலீஷ் டெக்ஸ்ட் புக்கை எடுத்திருக்கிறான். பென்சிலை வைத்துக்கொண்டு, தெரியாத வார்த்தைக்கெல்லாம் கோடு போட்டு, கடைசிப் பகுதியை மட்டும் மூணு தடவை படித்திருக்கிறான். பதில் அங்கே இருந்தது. வாட்சனுக்கு நடிக்க வராது. விஷயம் தெரிந்திருந்தால் ஸ்மித்தை நம்பவைத்துக் கூட்டி வந்திருக்க முடியாது. கிட்டே வராதே என்று ஹோம்ஸ் விரட்டியதும் அதனால்தான். வாட்சன் நல்ல டாக்டர். கையைத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சலே இல்லை என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

"அப்போ திட்டினது எல்லாம் ஒரு மாதிரி பாராட்டுதான்மா"ன்னு அம்மாகிட்ட சொன்னேன்க்கா என்றான். அம்மா என்ன சொன்னாங்க? "இருந்தாலும் சொல்லியிருக்கலாம்"னாங்க.

சூப்பர்ல? நான் ஏழு பக்க லெசன் பிளான் போட்டும் வராத கேள்வி, நறுக்கின வெங்காயத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த வாரம் எங்களுக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. வீட்டில் யாராவது 'ஏன்' என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லும் வரி உள்ளே. யாரும் கேட்காதது வெளியே. வாஸலின், ரூஜ், மெழுகு எல்லாம் 'மேக்கப்' என்ற ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிட்டன. ஜுர வேகத்தில் ஹோம்ஸ் கடல் சிப்பிகள் உலகத்தையே நிரப்பிவிடும் என்று உளறுவாரே, அது காலி. இதற்கு ஒரு பையன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கதையிலேயே நல்லா இருக்கறது அதுதான்க்கா என்றான். நல்லாத்தான் இருக்கு. எனக்கும் மனசில்லாமல்தான் வெட்டினேன்.

விளக்கு விஷயத்தில் எனக்கும் என்னோடு வகுப்பெடுக்கும் ஃப்ரெண்டுக்குமே தகராறு. ஸ்மித்திடம் கேஸ் விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிடச் சொல்வார் ஹோம்ஸ். அந்த வெளிச்சம்தான் வெளியே காத்திருந்த இன்ஸ்பெக்டர் மார்ட்டனுக்கு சிக்னல். 'சிக்னல் கொடுத்தார், போலீஸ் வந்தது' போதும் என்றாள் அவள். எனக்கு விளக்கு வேண்டும். ஏனென்றால் சிக்னலைக் கொடுத்ததே ஸ்மித்தின் கை. தடயத்தை மறைப்பதாக நினைத்து அந்தத் தந்தப் பெட்டியைத் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டதும் அதே கை. கட்டில் பின்னால் வாட்சன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியாமல் மருமகனைக் கொன்றதைப் பேசியதும் அவனே. வில்லனைப் பிடித்தது பாதி வில்லன்தான். அதை விட்டுவிட்டு முடிவைச் சொன்னால் அது வெறும் 'போலீஸ் வந்துடுச்சு'.

(எல்லா துப்பறியும் கதைக்கும் இந்த அளவுகோல் செல்லுமா என்று நீங்க கேட்கலாம். தேவனின் துப்பறியும் சாம்புவை எடுத்துக்கோங்க. அவர் கண்டுபிடித்ததை ஏன், ஏன் என்று தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது அசட்டு அதிர்ஷ்டம். சுருக்கத்திலும் அதைத்தான் எழுத வேண்டும். வேறு வழியில்லை.)

மீதியை வெள்ளித்திரையில் காண்க!

சரி, நம்ம கதைக்கு வருவோம். காலேஜ் மக்களுக்கு இதில் என்ன?

அந்தக் காலப் படங்களுக்குப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். தாத்தா பாட்டி வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு கிடைக்கும். கதைச் சுருக்கம் விறுவிறுவென்று போகும். கதாநாயகன் மேல் கொலைப்பழி விழுந்ததா? கதாநாயகி கதி என்ன? அடுத்த வரி: மீதியை வெள்ளித்திரையில் காண்க. லண்டனில் 1952-ல் ஆரம்பித்த அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகத்தில், முடிவை வெளியே யாருக்கும் சொல்லாதீர்கள் என்று மேடையிலேயே ரசிகர்களைக் கேட்டுக்கொள்வார்கள். 1954-ல் எஸ்.பாலசந்தர் எடுத்த, பாட்டே இல்லாத 'அந்த நாள்' படத்தை நான் என் ரூம்மேட்டுக்குப் பாதிவரைதான் சொல்லியிருக்கிறேன். ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் சுடப்பட்டுக் கிடக்கிறான். விசாரணையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதற்கு மேல் ம்ஹூம். டிக்கெட் வாங்கப்போகிறவருக்கு முடிவைச் சொல்வது பாவம். ஒத்துக்கறேன்.

ஆனால் நமக்குத் தெரிந்த கதைச்சுருக்கம் எல்லாமே இப்படி க்ளைமாக்ஸுக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிடுகிற சுருக்கம்தான். அந்தப் பழக்கம் எங்கே போய்க் கடிக்கிறது தெரியுமா? ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அப்ஸ்ட்ராக்ட்டில்!

உங்க சீனியர் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. இந்தக் கருவி வடிவமைக்கப்பட்டது, இந்த மென்பொருள் பயன்படுத்தப்பட்டது, கடைசி வரியில் முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன. அதாவது, மீதியை வெள்ளித்திரையில் காண்க. ரிப்போர்ட்டைத் திருத்துகிறவர் என்ன டிக்கெட் வாங்கிக்கொண்டா வந்திருக்கிறார்? என்னோட மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவில் இதேதான் நடந்தது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் சென்சார். எட்டு ஸ்லைடு ஓட்டினேன். எதிரே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கடைசியில என்னதான்மா தெரிஞ்சுது?" என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. ஒப்பிக்க என்னிடமும் ஒரு பாரா இருந்தது. கேள்விக்கான பதில் அதில் இல்லை. முடிச்சூர்ப் பையனைப் பார்த்துச் சிரித்தவள்தானே நான்!

முடிவைத் தெரிந்துகொள்ளவே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் சஸ்பென்ஸ் வைக்கக் கூடாது. பரீட்சை திருத்துகிறவர், ரிவ்யூ பேனல், இன்டர்வியூவில் எதிரே இருப்பவர், ஆஸ்பத்திரியில் டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸ். இவர்களுக்கெல்லாம் க்ளைமாக்ஸ் முதலில். அப்புறம் 'ஏன்'.

பையன் என்ன எழுதினான்?

சஸ்பென்ஸ் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு நானே வைக்கலாமா? இதோ. இங்கிலீஷில் எழுதினான். இலக்கணம் அங்கங்கே நொண்டியது. 'ஸ்பிரிங்'குக்கு எழுத்துப் பிழை. நான் தமிழில் சொல்கிறேன்:

'ஹோம்ஸுக்கு நோயே இல்லை. ஸ்மித் தன் மருமகனைக் கொன்றவன். அதே நோயை ஒரு பெட்டியில் ஹோம்ஸுக்கும் அனுப்பினான். ஹோம்ஸ் மாட்டிக்கொள்ளவில்லை, ஆனால் மாட்டியதுபோல் மூன்று நாள் பட்டினி கிடந்து நடித்தார். வாட்சனுக்குப் பொய் சொல்ல வராது என்பதால் அவரிடமும் சொல்லவில்லை. ஹோம்ஸ் சாகப்போகிறார் என்று நம்பிய ஸ்மித் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பெட்டியையும் பாக்கெட்டில் போட்டு, போலீஸுக்கு சிக்னலான விளக்கையும் தானே தூண்டினான். வாட்சன் அனைத்தையும் ஒளிந்திருந்து கேட்டார்.'

முதல் வரியைப் பாருங்க. 'ஹோம்ஸுக்கு நோயே இல்லை.' எந்த நோட்ஸும் இப்படி ஆரம்பிக்காது. ரிவிஷன் டெஸ்டில் இதையே எழுதினான். பாரா சின்னதா இருக்குன்னு ஒரு மார்க் குறைந்ததாம். நூறு வார்த்தைக்குப் பக்கத்தில் வரவேண்டுமே! பொதுத்தேர்வில் 35-ஐத் தாண்டிவிட்டான். எவ்வளவு என்று எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். பாலிடெக்னிக்கில் சேர்ந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமா ஷெட்டுக்குப் போகிறான், கைச்செலவுக்கு.

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தேன். செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் என் ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டான். உஷாராகி, க்ளைமாக்ஸிலிருந்து ஆரம்பித்தேன். "தொட்டி பாதிக்கு மேல நிறைஞ்சா சென்சார் சரியாக் காட்டுதுடா. பாதிக்குக் கீழே தப்பாக் காட்டுது."

"ஏன்க்கா?"

"அது... ஒருவேளை ஒயரிங்ல..."

"ஒருவேளையா?"

வண்டி வந்துவிட்டது. ஏறிக்கொண்டே திரும்பி, "அப்போ உங்க கதைக்கு இன்னும் முடிவு வரலைக்கா" என்றான்.

அடுத்த ரிவ்யூ வெள்ளிக்கிழமை. சென்சாரை மறுபடி கழற்றி மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன். பாட்டியிடம் இன்னொரு கட்டு காலண்டர் தாளும் வாங்கியாயிற்று.